மூக்கு குத்திய ஆண்பிள்ளை

என் தங்கை மகளுக்குப் போன ஆவணியில் ஆண்குழந்தை பிறந்தது. பெயர் முடிவாகாததால் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அவகாசம் இருந்ததால் சண்டைக்கும் அவகாசம் கிடைத்தது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து நட்சத்திர எழுத்து, எண்கணிதம் எல்லாம் பார்த்து ஒரு பட்டியல் வந்தது. எல்லாம் ‘ஷ்’ என்றும் ‘வ்’ என்றும் முடிகிற பெயர்கள். மாமனாருக்கு அதில் சம்மதமில்லை. காலஞ்சென்ற தன் அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்றார். பிள்ளை பெற்றவள் என்னிடம் வந்தாள்.

“பெரியம்மா, எனக்கும் பழைய பேருதான் பிடிக்குது. ஆனா அவுக வீட்டுப் பழசு மட்டும்தான் பழசா? நம்ம பக்கம் ஒரு பேரு சொல்லுங்க.”

என் அம்மாவுக்கு 84 வயது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர் யோசிக்கவே இல்லை. “எங்கய்யா பேரை வையி. மூக்கையா.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். பிள்ளை பெற்றவளும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் யோசித்தவையே இந்தக் கட்டுரை. ஆண்குழந்தைக்குப் பழைய பெயர் வைப்பது இன்று ஒரு ரசனையாகத் தெரிகிறது. நம் ஊரில் அது ரசனையாக இருந்ததில்லை, உரிமையாக இருந்தது. யாருடைய பெயர் தொடரும், யாருடையது மண்ணோடு போகும் என்ற கணக்கு அதில் இருந்தது.

நம் மொழியே அந்தக் கணக்கைச் சொல்கிறது. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது: பெயரைத் தாங்குகிறவன். பாட்டனின் பெயரைத் தாங்குவதே அவனுடைய உறவுமுறையின் பெயராகிவிட்டது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில், தலைவியின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய் தான் கண்டதைச் சொல்கிறாள். தலைவனுக்குக் காதலியின்மேல் உள்ளதைவிட அவள் பெற்ற மகன்மேல் அன்பு பெருகுகிறதாம். அந்த மகன் யார் என்றால், தலைவனின் தந்தை பெயரைத் தாங்கியவன். செவிலி இதை மகிழ்ச்சியோடுதான் சொல்கிறாள். ஆனால் இன்று படிக்கிற நமக்கு ஒன்று உறுத்துகிறது. பெற்றவளின் வீட்டில், பெற்றவளின் மடியில், அவளுடைய மாமனார் திரும்பப் பிறந்திருக்கிறார்.

பெயர்த்தி என்ற சொல்லும் உண்டு. பாட்டிகளின் பெயரும் பேத்திகளுக்கு வந்தது. ஆனால் வரிசையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பல வீடுகளில் தலைப்பிள்ளை ஆணென்றால் அப்பாவின் அப்பா பெயர். அடுத்த ஆணுக்குத்தான் அம்மாவின் அப்பா பெயர். தலைமகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். அம்மாவின் அம்மா இரண்டாம் பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டும். ஆறு, ஏழு பிள்ளை பெற்ற காலத்தில் தாய்வழிக்கும் முறை வந்துவிடும். இன்று நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. இரண்டாவது இடத்தில் நிற்கிறவர்களுக்கு முறையே வராத காலம் இது. பெண்களின் உடலுக்கு விடுதலை தந்த சிறிய குடும்பம், பழைய வரிசையை மாற்றாமல் விட்டதால், தாய்வழிப் பெயர்களை ஓசையில்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளைக்கு மாமனார் பெயரை வைத்தால், பெற்றவள் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க முடியாது. கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது நேற்றுவரை இருந்த கட்டுப்பாடு. கணவன் பெயர் சந்திரன் என்றால் வானத்தைக் காட்டுவார்கள். முருகன் என்றால் “பழனியில இருக்கிற சாமி” என்பார்கள். அதே பெயரில் கடைக்காரர் இருந்தால் அவர் பெயரையும் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவள் தன் மகனை எப்படிக் கூப்பிடுவாள்? தம்பி, ராசா, சாமி, பெரியவன். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு இத்தனை செல்லப்பெயர்கள் வந்ததற்குத் தாய்ப்பாசம் மட்டும் காரணமில்லை. பதிவேட்டில் ஏறிய பெயர் அவளுக்கு விலக்கப்பட்ட பெயராகவும் இருந்தது.

பெயர் சொல்லாத பழக்கம் பெண்ணின் சொந்தப் பெயரையும் விழுங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு (1951-52) வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டுமே எழுதவைத்த பெண்கள் பலர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. ஆனால் அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதை என் அம்மாவின் வாயாலேயே பிறகு கேட்டேன்.

தாய்வழியில் பெயர் போனதே இல்லையா? போயிருக்கிறது. சாதவாகன அரசர்கள் கௌதமிபுத்திரன், வாசிஷ்டிபுத்திரன் என்று தாயைச் சொல்லித் தங்களை அறிவித்தார்கள். கௌதமிபுத்திர சாதகர்ணியின் தாய் கௌதமி பாலஸ்ரீ நாசிக் குகையில் பொறிக்கச் செய்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கௌதமி என்பது அவளுடைய கோத்திரத்திலிருந்து வந்த பெயர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோழர் வரலாற்றில் இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை. அவன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயர் வைத்தான். அந்த மகள் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மனைவியானாள். அவள் பெற்ற மகனுக்கு வைத்த பெயர் இராசராசன். வரலாறு அவனை இராசராச நரேந்திரன் என்கிறது. அவன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனின் பெயர் இராசேந்திரன். அவன்தான் 1070இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனவன். அடுத்தடுத்து இரண்டு தலைமுறைகளில், ஆந்திர நாட்டு அரண்மனையில், தாயின் அப்பா பெயரே ஆண்குழந்தைக்கு வந்திருக்கிறது. அத்தனையும் அரசியல் என்பது தெரிந்ததுதான். சோழரின் வலிமை அப்படி. ஆனாலும் தாய்வழிப் பெயரை வைத்தால் குலம் விளங்காது என்று இன்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் பதில்.

ஆண் பெயர்கள்தான் இங்கும் பயணம் செய்தன, பெண்கள் அவற்றைச் சுமந்துபோன வழி மட்டுமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தாயின் சொந்தப் பெயரே பிள்ளையின் முன்னெழுத்தான இடமும் தமிழகத்தில் இருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எஸ்’ அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ அவருடைய தாய், பாடகி லலிதாங்கி. உலகம் முழுவதும் மேடைகளில் ஒலித்த அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது தாயின் பெயர். ஆனால் தாயின் பெயரை முன்னால் போடுகிறவரைப் பார்த்து “அப்பன் யாரு?” என்று கேட்ட ஊர் இது. மேடையில் கைதட்டிய அதே ஊர்தான். திருமணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2015ஆம் ஆண்டு ஆயிற்று.

மூக்கையாவுக்கு வருகிறேன்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன், தாத்தாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று. இத்தனை வருடமாக நான் கேட்டதேயில்லை. அம்மா சொன்னார்: “எங்க அப்பத்தாளுக்கு மூணு பிள்ளை போச்சு. ரெண்டு ஆணு, ஒரு பொண்ணு. ஒண்ணும் வருசம் தாண்டல. நாலாவதாப் பெறந்தது எங்கய்யா. பெறந்ததும் மூக்கைக் குத்தி வளையம் போட்டுட்டாக. எமன் வந்தா பொட்டப்பிள்ளைன்னு நினைச்சிட்டுப் போயிருவான்ல.”

தமிழ்நாட்டில் பரவலாக இருந்த வழக்கம் இது. முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் ஆணுக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று பெயரிடுவார்கள். ஊனப்பட்ட பிள்ளையைச் சாவு விரும்பாது என்றும் விளக்கம் சொல்வார்கள். வேறு வழிகளும் இருந்தன. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துவந்து குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் என்று வைப்பார்கள். பிச்சையாகப் பெற்றது போலப் பாவித்துப் பிச்சை, பிச்சையம்மாள் என்று வைப்பார்கள். இன்னொருத்தி கையில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். “ஒன்னைய தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று பிள்ளைகளை இன்றும் கேலி செய்கிறோம். அந்தக் கேலிக்குப் பின்னால் நிஜமாகவே தவிட்டை அளந்து கொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1910களில் பிறந்த 1000 குழந்தைகளில் 200 பேருக்கு மேல் ஓராண்டு முடியும் முன்பே இறந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. பதிவாகாத சாவுகள் தனி. என் தாத்தா பிறந்தது அந்தக் காலத்தில்தான். 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அம்மைப்பால், மருத்துவச்சிகளுக்குக் கொடுத்த பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையம், கிராமச் செவிலியர் என்று நீண்ட உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு வந்து சேராத வீட்டில் ஒரு தாயின் கையில் இருந்தது ஓர் ஊசியும் ஒரு பெயரும்தான்.

ஆகவே மூக்கையா, குப்புசாமி, பிச்சை என்ற பெயர்களைக் கேட்டுச் சிரிக்கும்போது நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கல்வெட்டு இல்லாத, நாட்குறிப்பு இல்லாத, எழுத்தே தெரியாத பெண்கள் தங்கள் துக்கத்தை எழுதிவைத்த இடம் பிழைத்த பிள்ளையின் பெயர். நம் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்கள் இல்லை. பிள்ளைகளின் பெயர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் அம்மா சொன்ன வாக்கியத்தில் இன்னொன்றும் இருந்தது. “பொட்டப்பிள்ளைன்னு நினைச்சிட்டுப் போயிருவான்.” அதாவது, பெண் என்றால் எமனுக்குக்கூட வேண்டாம். இந்தத் தந்திரம் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆண்பிள்ளையைக் காப்பாற்ற அவனுக்குப் பெண்ணின் மதிப்பை அணிவித்தார்கள். மதிப்பில்லாமைதான் அங்கே கவசம். உண்மையில் சாவு அப்படி ஆள் பார்த்து விலகவில்லை; அப்பத்தாள் பறிகொடுத்த மூன்றில் ஒன்று பெண்.

பெண்குழந்தைகளுக்கு வைத்த பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கையா என்றால் “இந்தப் பிள்ளை தங்கட்டும்” என்ற வேண்டுதல். அதே ஊர்களில் வரிசையாகப் பெண் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர். வேண்டாம் என்றே பெயர் வைத்த கிராமங்களும் உண்டு. கொஞ்சம் வசதியான வீடுகளில் மங்களம், சம்பூர்ணம். கச்சேரி முடிந்தது என்று பொருள். ஒரு பெயர் சாவை ஏமாற்ற, இன்னொரு பெயர் பிறப்பை நிறுத்த. இரண்டுமே ஒரே தாயின் உடலைக் குறித்தவை.

போதும்பொண்ணு என்ற பெயர் இப்போது குறைந்துவிட்டது. அந்த எண்ணம் குறைந்ததா? பெண்சிசுக்கொலைக்கு எதிராக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது 1992இல். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண்குழந்தைகளுக்கு இருந்த பெண்குழந்தைகள் 1991இல் 948; 2001இல் 942; 2011இல் 943. பெயராகச் சொன்னதை ஸ்கேன் அறையில் சொல்லக் கற்றுக்கொண்டோம். அது படித்த வீடுகளிலும் பணக்கார வீடுகளிலும் நடந்தது.

பழைய பெயர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு? மூக்கையா என்ற பெயரை ஒரு பையனுக்கு இன்று வைத்தால் மண்வாசனை என்று ஒரு சாரார் மெச்சக்கூடும். போதும்பொண்ணு என்று யாராவது மகளுக்கு வைப்போமா? ஆணின் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் பழைய பெயர்களில் பலவற்றைத் தொடவே முடியாது.

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது, அவர் இன்னொரு கணக்கைச் சொன்னார். அவர் தலித். “உங்களுக்குப் பழைய பேரு அழகு. எங்க தாத்தாவை ஊரில் பொடிப்பையன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். அந்தப் பேரை என் பிள்ளைக்கு நான் எதுக்கு வைக்கணும்? எனக்கு வேண்டியது யாரும் எங்க தெருவில் இதுவரை வைக்காத பேரு.”

அவர் சொன்னது பழைய சட்டம். பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும், சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். பெண்ணின் பெயர் சொல்ல எளிதாக, கடுமையில்லாமல், காதுக்கு இனிதாக இருக்க வேண்டுமாம். குப்பன் என்ற பெயர் ஒரு வீட்டில் தாயின் நேர்த்திக்கடனாக இருந்திருக்கும். அதே பெயரைத் திண்ணையிலிருந்து கூப்பிட்டவனுக்கு அது சாதியின் அடையாளமாக இருந்தது. இரண்டும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டாட முடியாது.

அதனால்தான் புதிய பெயர் வைப்பது தமிழகத்தில் ஓர் அரசியல் இயக்கமாக நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றதும் அதே மாநாடு. வேதாசலம் மறைமலையானார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். ஈ.வெ. ராமசாமியைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானம் போட்டது 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை. பெயர் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்கள் கூடி ஓர் ஆணுக்கு வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு ராமசாமி என்று சொல்லி அவரைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

ஆக, பழைய பெயரா புதிய பெயரா என்பது ஒரே கேள்வி அல்ல. யாரிடமிருந்து பறித்தார்களோ அவர்களுக்குப் புதிய பெயர் விடுதலை. யாரை மறந்தார்களோ அவர்களைத் தேட சில நேரம் பழைய பெயர்தான் வழி.

இதையெல்லாம் சுமந்துகொண்டு மறுநாள் காலை மறுபடியும் அம்மாவிடம் போனேன். பிள்ளை பெற்றவளும் இருந்தாள். மூன்று பிள்ளையைப் பறிகொடுத்து நாலாவதைக் காப்பாற்றியவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

“எங்க அப்பத்தாளா?” அம்மா வெகுநேரம் யோசித்தார். “அப்பத்தாள்னுதான் கூப்பிடுவோம். ஊரில மூக்கையா ஆத்தான்னு சொல்லுவாக. எங்க அப்புச்சி அவுக பேரைச் சொல்லமாட்டாரு, ‘ஏ, இங்க வா’ம்பாரு. பேரு இருந்திருக்கும். எனக்குத் தெரியலையே.”

அவளைப் பற்றி மிச்சமிருப்பது இவ்வளவுதான்: மூக்கையா ஆத்தா. தன் பிள்ளைக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள். ஊர் அந்தப் பெயரையே அவளுக்கும் திருப்பி வைத்தது. அவளுடைய சொந்தப் பெயரைத் தேட எந்த ஆவணமும் எங்களிடம் இல்லை. மகனின் பெயரை விட்டால் அவள் இருந்தாள் என்பதற்கே சான்று இல்லை.

என் தங்கை மகள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “அப்ப மூக்கையான்னே வைப்போம், பெரியம்மா.”

எனக்குச் சட்டென்று சம்மதம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூக்கு மூக்கு என்று கூப்பிடுவார்கள் என்றேன். அவனுக்குப் பிடிக்காமல் போனால் மாற்றிக்கொள்ளட்டும், அதற்கு அரசிதழ் இருக்கிறது என்றாள். பெண்ணை மதிக்காத நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் என்றேன். “அதையும் சேர்த்துத்தான் சொல்லி வளப்பேன். ஒரு பொம்பளை ஒன்னைக் காப்பாத்த ஒனக்குப் பொண்ணு வேசம் போட வேண்டியிருந்துச்சு, பொண்ணுன்னா அப்ப அவ்வளவுதான் மதிப்புன்னு சொல்லுவேன். அது தெரிஞ்ச ஆம்பளையா வளரட்டுமே.”

மாமனாருக்கு வருத்தம்தான். அவருடைய அப்பா பெயரை வீட்டில் கூப்பிட வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள். அவள் அந்தப் பெயரை உரக்கச் சொல்லியே கூப்பிடுகிறாள். மாமியார்தான் இன்னும் சாமி, சாமி என்கிறார்.

பெயர் சேர்க்கப் போன அன்று நானும் கூடப் போனேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, “மூக்கையாவா? சரியாச் சொல்றீங்களாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். சரிதான் என்றாள். சான்றிதழை வாங்கிப் பார்த்தோம். குழந்தையின் பெயருக்குக் கீழே தாயின் பெயர் என்று ஒரு வரி இருந்தது. அதில் அவள் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல், முழுதாக இருந்தது.